டிஸ்சார்ஜ் காகிதத்தின் மூன்றெழுத்தும் போர்க்காய இழப்பீடும்: அமெரிக்கப் படையில் மருத்துவ ஓய்வு பெற்றவர்களுக்கு

அமெரிக்கப் படையிலிருந்து உடல்நிலை காரணமாக ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் பலர், தங்களுக்குச் சேர வேண்டிய ஒரு மாதாந்திரத் தொகையைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். போர் தொடர்பான காயங்களுக்கான சிறப்பு இழப்பீடு அது, சுருக்கமாக சிஆர்எஸ்சி. விண்ணப்பித்தால்தான் வரும், தானாக வராது. ஏன் கேட்கவில்லை என்றால், "டிஸ்சார்ஜ் பேப்பரில் போர்க்காயம்னு எதுவும் போடலையே" என்கிறார்கள். அந்தக் காகிதத்தில் அப்படிப் போட மாட்டார்கள். போர்க்காயம் என்று காட்டுவது வேறு காகிதங்களின் வேலை. அவை எவை, எங்கே கிடைக்கும், எப்படிச் சேர்த்து அனுப்புவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழில் இதை எழுதக் காரணம் உண்டு. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவரையும் படையில் சேர்க்க 2008-இல் அறிவிக்கப்பட்ட மாவ்னி திட்டத்தில், படைக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதிய சேர்க்கை நின்றுபோனது. அந்த வழியில் போனவர்கள், கிரீன் கார்டோடு சேர்ந்தவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்த பிள்ளைகள் என்று நம்மவர்களும் அந்தப் படையில் இருக்கிறார்கள். காயத்தோடு திரும்பியவருக்குக் காகித வேலை பார்ப்பது பெரும்பாலும் மனைவியோ கணவரோ பெற்றோரோதான். அவர்களுக்கும் சேர்த்தே இது.

முதல் வேலை: நீளப் பிரதியைக் கையில் எடுங்கள்

டிடி-214 என்பது படைப் பணியிலிருந்து விடுவித்ததற்கான சான்று. இதில் குட்டைப் பிரதி, நீளப் பிரதி என்று இரண்டு உண்டு. குட்டைப் பிரதியில் 23 முதல் 30 வரையுள்ள கட்டங்கள் இருக்காது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் கொடுத்தால் போதும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது மெம்பர்-4 என்று கீழே அச்சிட்டிருக்கும் நீளப் பிரதி. தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவம் அனுப்பலாம். அதே மையத்தின் இணையதளத்திலும் கேட்கலாம்.

நீளப் பிரதி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை 13, 18 ஆகிய இரண்டு கட்டங்கள். 13-இல் பதக்கங்களும் பட்டைகளும் இருக்கும். பர்ப்பிள் ஹார்ட் (எதிரியால் காயம்பட்டவருக்குத் தரும் பதக்கம்), காம்பேட் ஆக்‌ஷன் பேட்ஜ், காம்பேட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ் போன்றவை அங்கே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 18 குறிப்புகளுக்கான கட்டம். இராக், ஆப்கானிஸ்தான் என்று எந்த நாட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பணி என்பது அங்கேதான் வரும். வாங்கிய பதக்கம் விடுபட்டிருந்தாலோ தேதி தவறாக இருந்தாலோ திருத்தம் கேட்கலாம். திருத்தினால் டிடி-215 என்று தனித் தாள் தருவார்கள். அதைப் பழைய தாளோடு சேர்த்தே வைத்திருங்கள்.

26-ஆம் கட்டத்தின் மூன்றெழுத்து

எல்லோரும் பயத்தோடு பார்க்கும் கட்டம் இது. எஸ்பிடி கோட் என்பார்கள். எந்தக் காரணத்தால், எந்த வகையில் அனுப்பினார்கள் என்பதன் குறியீடு. மருத்துவக் காரணத்துக்கு அடிக்கடி வருபவற்றைச் சொல்கிறேன். எஸ்எஃப்ஜே என்றால் நிரந்தர இயலாமைக்கான ஓய்வு, எஸ்எஃப்கே என்றால் தற்காலிக இயலாமைப் பட்டியல். படையும் முன்னாள் படைவீரர் நலத்துறையான விஏவும் சேர்ந்து மதிப்பிடும் புதிய முறை வந்த பிறகு இவையே எஸ்இஜே, எஸ்இகே என்று வருகின்றன. ஓய்வூதியம் இல்லாமல் ஒரு மொத்தத் தொகை கொடுத்து அனுப்பியிருந்தால் ஜேஇஏ அல்லது ஜேஇபி வரும். ஜேஇஏ போர் தொடர்பானது, ஜேஇபி அப்படி அல்லாதது. ஜேஎஃப்எம் என்றால் படையில் சேரும் முன்பே இருந்த நோய் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஜேஎஃப்வி என்பது இயலாமை என்று கணக்கில் எடுக்காத உடல்நிலை அல்லது மனநிலைக் காரணம்.

மொத்தத் தொகை வாங்கியவருக்குத்தான் போர் தொடர்பானது, அல்லாதது என்ற பிரிவு குறியீட்டிலேயே வருகிறது. ஓய்வு பெற்றவருக்கு அப்படியில்லை. சாலையோரக் குண்டில் காலை இழந்தவருக்கும் எஸ்இஜேதான், முகாமில் இருந்தபோது சர்க்கரை நோய் வந்து ஓய்வு பெற்றவருக்கும் எஸ்இஜேதான். ஆகவே அந்த மூன்றெழுத்தை வைத்து "எனக்கு சிஆர்எஸ்சி கிடைக்காது" என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம்.

27-ஆம் கட்டத்தில் ஆர்இ-3, ஆர்இ-4 என்று இருக்கும். திரும்பப் படையில் சேரலாமா கூடாதா என்பதற்கு மட்டுமே அது. இழப்பீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 28-ஆம் கட்டத்தில் அனுப்பியதற்கான காரணம் சொற்களிலேயே இருக்கும். இணையத்தில் சுற்றும் குறியீட்டுப் பட்டியல்களை நம்புவதைவிட இந்தக் கட்டத்தைப் படிப்பது நல்லது.

30 சதவீதம் என்ற கோடு

படையின் உடல்தகுதி வாரியம், பணியைச் செய்ய விடாத நோய்களுக்கும் காயங்களுக்கும் மட்டும் சதவீதம் போடும். அது 30 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவ ஓய்வு. மாத ஓய்வூதியமும் டிரைகேர் மருத்துவக் காப்பீடும் உண்டு. 30-க்குக் கீழே, பணியும் 20 ஆண்டுக்குக் குறைவு என்றால் மொத்தத் தொகையோடு முடிந்துவிடும். விஏ அப்படியல்ல. பணியால் வந்த எல்லாக் குறைகளையும் எண்ணும். அதனால் படை 40 போட்டவருக்கு விஏ 80 போடுவது சாதாரணம். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள், ஒன்று தவறு என்று அர்த்தமில்லை.

விஏ சதவீதத்தைக் கூட்டும் முறையும் வேறு. 50-உம் 30-உம் சேர்ந்தால் 80 ஆகாது. முதல் 50 போக மீதமுள்ள 50-இல் 30 சதவீதம் 15. ஆக 65, அதை 70 என்று முழுமையாக்குவார்கள்.

சிஆர்எஸ்சி ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு மட்டுமே. மொத்தத் தொகை வாங்கி வந்தவர்களுக்குக் கிடையாது. ஆனால் அவர்களும் 26-ஆம் கட்டத்தைக் கவனிக்க வேண்டும். பொதுவாக அந்தத் தொகையை விஏ தன் மாத இழப்பீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். போர்ப் பகுதியிலோ போர் சார்ந்த நடவடிக்கையிலோ வந்த இயலாமைக்குக் கொடுத்த தொகை என்றால், 2008 ஜனவரி 28-க்குப் பிறகு விடுவிக்கப்பட்டவர்களிடம் அதைப் பிடிக்கக் கூடாது. ஜேஇஏ இருந்தும் பிடித்தம் நடக்கிறது என்றால் எழுதிக் கேளுங்கள்.

ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் கழிப்பது

விஏ இழப்பீடு ஒரு டாலர் வந்தால், படை ஓய்வூதியத்தில் ஒரு டாலர் குறையும். பழைய சட்டம் அப்படித்தான். விஏ பணத்துக்கு வரி இல்லாததால் எல்லோரும் அதையே வாங்கிக்கொண்டு ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். பலருக்கு ஓய்வூதியம் பூஜ்யமாகிவிடும்.

இந்த இழப்பைச் சரிக்கட்ட இரண்டு வழிகள் வந்தன. ஒன்று சிஆர்டிபி, 2004 முதல். 20 ஆண்டு பணியும் விஏ மதிப்பீடு 50 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் இரண்டு பணமும் சேர்ந்து வரும், விண்ணப்பம் தேவையில்லை. 20 ஆண்டு முடிக்காமல் மருத்துவ ஓய்வு பெற்றவருக்கு இது கிடையாது. மற்றொன்று சிஆர்எஸ்சி, 2003-இல் தொடங்கியது. 20 ஆண்டு முடிக்காத மருத்துவ ஓய்வாளர்களுக்கு 2008 ஜனவரி 1 முதல் இதைத் திறந்துவிட்டார்கள். விஏ மதிப்பீடு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும், விஏ பணத்தால் ஓய்வூதியம் குறைந்திருக்க வேண்டும், அந்தக் குறைபாடு போர் தொடர்பானது என்று காட்ட வேண்டும். இந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை. தற்காலிகப் பட்டியலில் இருப்பவரும் கேட்கலாம். இரண்டுக்கும் தகுதி உள்ளவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் வாய்ப்பு தருவார்கள்.

எவ்வளவு வரும்

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள் பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள். அதனால் ஒரு கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

சார்ஜென்ட் ஒருவர், 8 ஆண்டு பணி. அதிகச் சம்பளம் வாங்கிய 36 மாதங்களின் சராசரி 3,600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். படை கொடுத்த சதவீதம் 60. அப்படியானால் மருத்துவ ஓய்வூதியம் 2,160 டாலர். விஏ அவருக்கு மாதம் 2,200 கொடுக்கிறது. உடனே 2,160-உம் கழிந்து ஓய்வூதியம் பூஜ்யமாகிவிடுகிறது. விஏ மதிப்பிட்டவற்றில் போர் தொடர்பானவை மட்டும் 50 சதவீதம், அந்தச் சதவீதத்துக்கான விஏ தொகை 1,100 என்று கொள்வோம். சிஆர்எஸ்சி 1,100 வருமா? வராது. பணி ஆண்டு ஒன்றுக்கு இரண்டரை சதவீதம் என்று போட்டால் 8 ஆண்டுக்கு 20 சதவீதம். 3,600-இல் 20 சதவீதம் 720. மருத்துவ ஓய்வு பெற்றவருக்கு, மிச்சமிருக்கும் ஓய்வூதியமும் சிஆர்எஸ்சியும் சேர்ந்து இந்த 720-ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆக அவருக்கு மாதம் 720 டாலர்.

பணி ஆண்டு குறையக் குறைய இந்த உச்சவரம்பும் இறங்கும். சேர்ந்த மூன்றாம் ஆண்டிலேயே குண்டடி பட்டு வந்த இளைஞருக்கு மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். உடலை அதிகம் இழந்தவன் பணியில் நீடிக்க முடியாமல் போனதற்கே தண்டனை கொடுப்பதுபோல் இருக்கிறது. இதை மாற்றக் கொண்டுவந்த மேஜர் ரிச்சர்ட் ஸ்டார் மசோதாவுக்கு 118-ஆவது காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) இரு அவைகளிலும் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையெழுத்திட்டிருந்தும், அந்தக் காங்கிரஸ் முடிவதற்குள் நிறைவேறவில்லை. அது வரும் என்று காத்திருக்காமல் இப்போது கிடைப்பதை வாங்கிவிடுங்கள். 720 டாலர் ஒரு வீட்டின் மளிகையும் மின்கட்டணமும்.

காரணத்தை நிரூபிப்பது

விண்ணப்பம் பிழைப்பதும் சாவதும் இங்கேதான். சிஆர்எஸ்சி அலுவலகம் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் குறை எந்தச் சம்பவத்தால் வந்தது? "இராக்கில் இருந்தபோது வந்தது" என்பது பதிலாகாது. போர்ப் பகுதியில் இருந்தது மட்டும் போதாது என்று விதியிலேயே இருக்கிறது. சம்பவம், அதனால் ஏற்பட்ட காயம், அதற்கு இன்றைய விஏ மதிப்பீடு என மூன்றும் காகிதத்தில் கோத்து நிற்க வேண்டும்.

எது போர் தொடர்பானது? எதிரியோடு நேரடி மோதல், பர்ப்பிள் ஹார்ட் கிடைத்த காயம் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. பாராசூட் குதிப்பு, வெடிமருந்து அகற்றல், விமானப் பறப்பு, ஆழ்கடல் மூழ்கல் போன்ற அபாயப் பணிகளும் சேரும். அடுத்தது போரைப் போலவே நடத்தும் பயிற்சி. நேரடிக் குண்டு வைத்துச் சுடும் பயிற்சி, கைகலப்புப் பயிற்சி, தடை தாண்டும் பயிற்சி எல்லாம் இதில் வரும். காலையில் ஓடியது, உடற்பயிற்சி, கூடைப்பந்து எல்லாம் வராது. எத்தனையோ முழங்கால் விண்ணப்பங்கள் இங்கேதான் விழுகின்றன. கடைசி வகை, போர்க்கருவியால் வந்த காயம். ஹம்வி என்ற படை வண்டி கவிழ்ந்து முதுகு முறிந்தது, டாங்கியின் மூடி விழுந்து விரல் நசுங்கியது, பீரங்கிச் சத்தத்தில் காது போனது போன்றவை. அமெரிக்க மண்ணில் நடந்திருந்தாலும் சரி, சமாதானக் காலத்தில் நடந்திருந்தாலும் சரி. இந்த வகையைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் "நான் போருக்கே போகலையே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

சேர்க்க வேண்டிய காகிதங்களில் முதலிடம் விஏயின் தீர்மானக் கடிதத்துக்கு. முன்பக்கம் மட்டும் போதாது. ஒவ்வொரு குறைக்கும் விளக்கம் எழுதிய பக்கங்களும் குறியீட்டுத் தாளும் வேண்டும். அதில் நான்கு இலக்க எண்கள் இருக்கும்: காதில் இரைச்சலுக்கு 6260, போர் அதிர்ச்சி மனநோயான பிடிஎஸ்டிக்கு 9411, தலைக்குள் அடிபட்டதற்கு 8045, இடுப்புத் தசைப்பிடிப்புக்கு 5237, ஒற்றைத் தலைவலிக்கு 8100. படிவத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொன்றும் இந்த எண்களோடு பொருந்த வேண்டும்.

அடுத்து உடல்தகுதி வாரியத்தின் முடிவு. தரைப்படையில் அது டிஏ-199 படிவம், விமானப்படையில் 356. தரைப்படைத் தாளில், இயலாமை போர் தொடர்பான காயத்தால் வந்ததா என்று தனியாக எழுதியிருப்பார்கள். அது முதலில் வரிக்காகவும் அரசு வேலை முன்னுரிமைக்காகவும் எழுதப்படுவது. ஆம் என்று இருந்தால் நல்ல ஆதாரம், கட்டாயம் வையுங்கள். இல்லை என்று இருந்தாலும் கதவு மூடிவிடவில்லை, சிஆர்எஸ்சி அலுவலகம் தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.

மூன்றாவது, சம்பவ நாளை ஒட்டிய மருத்துவக் குறிப்பு. இதற்கு இணை எதுவுமில்லை. "எம்ராப் கவச வண்டி கண்ணிவெடியில் சிக்கியது, தலை மோதியது, சில நிமிடம் நினைவில்லை" என்று கள மருத்துவர் அன்றைக்கே கிறுக்கிய இரண்டு வரி, பத்து ஆண்டு கழித்து எழுதும் பத்துப் பக்கக் கடிதத்தைவிட வலுவானது. பணிக்கால மருத்துவக் கோப்பு முழுவதையும் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் படியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பதில் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். விபத்து அறிக்கை, காயமடைந்தோர் அறிக்கை, பதக்கத்துக்கான பரிந்துரை வாசகம் ஆகியவையும் உதவும். கூட இருந்தவர்களின் சத்தியக் கடிதம் இவற்றைத் தாங்கிப் பிடிக்கும். அதை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம்.

ஒரு காயத்தால் பின்னால் வந்த இன்னொரு குறையும் சேரும். முதுகுக் காயத்தால் காலில் நரம்பு வலி வந்தது என்று விஏயே எழுதியிருந்தால், முதுகு போர் தொடர்பானது என்று ஒப்புக்கொண்டபின் காலையும் கேட்கலாம். படிவத்தில் தனி வரியாக எழுதுங்கள்.

படிவம் 2860

டிடி-2860 தான் விண்ணப்பம். கட்டணம் இல்லை. எந்தப் படையிலிருந்து ஓய்வு பெற்றீர்களோ அந்தப் படையின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். விஏக்கு அல்ல, பணம் பட்டுவாடா செய்யும் டிஃபாஸுக்கும் அல்ல. தரைப்படை என்றால் கென்டக்கி மாநில ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகம். கடற்படைக்கும் மரைனுக்கும் வாஷிங்டனில் உள்ள மறுஆய்வு வாரியங்களின் குழு. விமானப்படைக்கு டெக்சஸ் மாநிலத்தின் ராண்டால்ஃப் தளம். முகவரி மாறக்கூடும், அதனால் அனுப்பும் அன்று அந்தந்தப் படையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு பகுதி: விஏ எண், எந்தத் தேதி, எந்த இடம், எந்தப் படைப்பிரிவு, என்ன நடந்தது. அழகான ஆங்கிலம் வேண்டாம். "2011 ஜூன், காந்தஹார், ரோந்து, வண்டிக்கு அடியில் குண்டு வெடித்தது, இணைப்பு 4-ஐப் பார்க்கவும்" என்பது போதும். இணைப்புகளுக்கு எண் போட்டு, முக்கியமான வரியை மையால் குறித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் நகல்தான், மூலத்தை அனுப்பவே கூடாது. மறுத்துவிடுவார்கள் என்று தோன்றும் குறைகளையும் விட்டுவிடாதீர்கள். ஒன்று மறுக்கப்படுவதால் மற்றவை பாதிக்கப்படாது.

மறுத்தால், அல்லது குறைத்துக் கொடுத்தால்

மறுப்புக் கடிதத்தில் ஒவ்வொரு குறைக்கும் ஏன் இல்லை என்ற காரணம் இருக்கும். சம்பவத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே அடிக்கடி வரும் காரணம். சரி, எது இல்லை என்கிறார்களோ அதைத் தேடுங்கள். புதிய ஆதாரத்தோடு அதே அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் முடியாவிட்டால் டிடி-149 படிவத்தோடு அந்தப் படையின் ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போகலாம்.

நிலுவைத் தொகை பற்றி ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் எப்போது தகுதி வந்திருந்தாலும் விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி ஆறு ஆண்டுக்குத்தான் கொடுத்தார்கள். மரைன் படையில் இருந்த சைமன் சோட்டோ இராக்கில் இறந்த வீரர்களின் உடல்களை மீட்கும் வேலை பார்த்தவர். பிடிஎஸ்டியால் மருத்துவ ஓய்வு பெற்றார். 2016-இல் விண்ணப்பித்த அவருக்கும் ஆறு ஆண்டோடு நிறுத்தினார்கள். அவர் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிஆர்எஸ்சிக்கு அந்த ஆறாண்டு வரம்பு பொருந்தாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே சிஆர்எஸ்சி வாங்குபவர்கள் தங்கள் பழைய கடிதத்தை எடுத்து, எந்தத் தேதியிலிருந்து பணம் கணக்கிட்டார்கள், எந்தத் தேதியிலிருந்து தகுதி இருந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி இருந்தால் தீர்ப்பைச் சுட்டிக் காட்டி எழுதுங்கள்.

உதவிக்கு யாரிடம் போவது

டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் விஏ அங்கீகாரம் பெற்ற உதவியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காசு வாங்குவதில்லை. பல மாவட்ட அரசு அலுவலகங்களிலும் இதற்கென ஒருவர் இருப்பார். "உங்கள் சதவீதத்தை ஏற்றித் தருகிறோம், வரும் பணத்தில் இத்தனை மாதத் தொகை எங்களுக்கு" என்று போன் செய்பவர்களிடம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதல் விஏ விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது. யாராக இருந்தாலும் விஏயின் இணையதளத்தில் அங்கீகாரம் உள்ளவர்தானா என்று பெயரைப் போட்டுப் பார்த்த பிறகே காகிதத்தைக் கொடுங்கள்.

பணம் வர ஆரம்பித்த பிறகும் ஒரு வேலை மிச்சம். விஏ பின்னால் புதிதாக ஒரு குறையை ஒப்புக்கொண்டால், அது தானாக சிஆர்எஸ்சியில் ஏறாது. அந்தத் தீர்மானக் கடிதத்தோடு படையின் அலுவலகத்துக்கு மறுபடி எழுத வேண்டும்.